‘எல்டி, பி, ஜிடி’ என்று உளறிய பத்தி

போன வாரம் அக்கரப்பத்தனையில் இருந்து சிவகுமார் பேசினார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நம் பத்திரிகையின் இணையதள ஃபீட் வழியாக நான் எழுதும் இந்தப் பத்தி வாராவாரம் அவர் போனுக்குப் போகும். போன் குரல் கொடுத்து வாசிக்கும்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு? போன் ‘எல்டி, பி, ஜிடி’ன்னு உளறுது. நடுவுல நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல!”

தூக்கிவாரிப் போட்டது. தளத்தைப் புதுசாக மாற்றி ஒரு வாரம்தான். பார்க்க ஜம்மென்று இருந்தது — பார்க்கிறவர்களுக்கு!

“நான் வேணும்னா வாசிச்சுக் காட்டவா?” என்றேன். பெரிய மனசு என்று நினைப்பு...

“வேணாங்க. கடிதம், பேங்க் ஃபாரம், மருந்து டப்பா... எல்லாத்தையும் யாராவதுதான் எனக்கு வாசிச்சுக் காட்டுறாங்க. உங்க பத்தி ஒண்ணுதான் நானா வாசிக்கிறது.”

மறுநாள் காலையிலேயே கொட்டகலைக்கு பஸ் ஏறினேன். அங்கே பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யோகேஸ்வரிதான் நம் தளத்தைச் செய்தவர். நாலு வருஷம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர்.

திரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“என் பிழைதாண்ணே! பந்தி பந்தியா, அதான் பாரா பாராவா, பிரிக்கிற குறியெல்லாம் வழியில கெட்டுப் போகாம இருக்க, வேற எழுத்தா மாத்தி அனுப்புவோம். போன் அதைத் திரும்பக் குறியாக்கிக்கும். நான் ஒருதரம் மாத்துனேன். புது டெம்ப்ளேட்டும் தானா இன்னொருதரம் மாத்தியிருக்கு. போன் ஒருதரந்தானே பிரிக்கும்? மிச்சத்த அப்படியே வாசிக்குது, அதுதான் அந்த ‘எல்டி, ஜிடி’.”

நான் திருதிருவென்று விழித்தேன்.

“கொழுந்து நிறுக்கையில சாக்கு எடைக்குன்னு மலையில ஒருதரம் கழிச்சிடுவாங்கல்ல? ஃபேக்டரி ஸ்டோர்லயும் திரும்பச் சாக்குக்குக் கழிச்சா? சண்டைக்கே போயிருப்பேன். இங்க அதை நானே செஞ்சு வச்சிருக்கேன் பாருங்க!”

டெம்ப்ளேட்டில் ஒரு சொல்லை அழித்தார். ஒரே ஒரு சொல்! ஃபீடில் இருந்த அத்தனை பத்திகளும் அந்த நிமிஷமே நேராகிவிட்டன. இத்தனை வருஷம் எழுதுகிறேன்... எழுத்தைப் பொதி கட்டி மலை தாண்டி அனுப்பி, அங்கே அவிழ்த்து ஒருவர் காதில் சேர்க்க இவ்வளவு நுட்பம் வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நிஜமாகவே மலைத்துப் போனேன். யோகேஸ்வரியோ அடுத்த ஆளின் போட்டோகாப்பியை எடுக்கப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் சிவகுமார் அழைத்தார்.

“முழுசா வாசிச்சிட்டேங்க. ஆனா ஒரு பிழை இருக்கு. நுவரெலியா ஸ்டேஷன்ல ரயில விட்டு இறங்கினேன்னு எழுதியிருக்கீங்க. அங்க ஏதுங்க ஸ்டேஷன்? நானுஓயாவுலதானே இறங்கணும்!”

கண்ணால் படித்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை — எழுதிய நான் உட்பட.