ஊதாப்பூச் சேலை

கண்டியில் பழைய துணி விற்கும் கடையொன்றில், பூச்சி உருண்டை மணக்கும் குவியலைக் கிளறியபோது அதே ஊதாப்பூப் போட்ட பாவாடை ஒன்று கையில் வந்தது. இங்கேயுமா என்று எனக்குக் கடுப்புத்தான் வந்தது.

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் நாங்கள் இருந்த அறைக்குள் அந்தப் பூக்களிடமிருந்து தப்பவே முடியாது. அம்மாவின் சேலை கிழிந்ததும் பாதி எனக்குச் சட்டையானது, மீதி கதவுத் திரையானது, திரையில் மிஞ்சியது தலையணை உறையானது, உறை நைந்ததும் பானை இறக்கும் கரித்துணியானது. கண்விழித்தால் கன்னத்தடியில் பூ, தேத்தண்ணி ஊற்றினால் கேத்தல் பிடியில் பூ, குனிந்தால் மடியில் பூ. மழைநாளில் அடுப்புப் புகைக்குள் அம்மா தையல் மெஷினைக் கையால் சுற்றும் கடகடச் சத்தம் கேட்டாலே, அடுத்து எது பூக்கப்போகிறதோ என்று அறையைச் சுற்றிப் பார்ப்பேன்.

மாமா கமரா கொண்டுவந்த அன்று என்னைக் கதவுத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். படத்தில் திரையும் சட்டையும் ஒன்றாகிவிட, என் தலையும் கைகால்களும் மட்டும் தனியே தொங்கின. அழுதேன்.

"துணி வீணாப் போகலைல்ல, பேசாம இரு" என்றாள் அம்மா.

இப்போது அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். அங்கே எடுத்த ஒரே படம் அதுதான். கொஞ்சம் மனம் இளகி, அந்தப் பாவாடையை வாங்கட்டுமா என்று அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன்.

"காசக் கரியாக்காத புள்ள. நம்ம சேலையில இன்னும் ஒரு துண்டு அலுமாரியில கெடக்கு. ஒனக்குத்தான் வச்சிருக்கேன்."