அரைமணி நேரம் காத்திருந்த தண்ணீர்

புனேவுக்கு மேற்கே மலைமுகட்டின் மேல் நாங்கள் இருவரும் நடந்த நான்கு நாட்களை நினைத்தால், நடந்ததைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் என்று தோன்றுகிறது. தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தோம். நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் அதை வடிகட்டி, லிட்டருக்கு ஒரு குளோரின் மாத்திரை போட்டு, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் என் கணவருக்கு டைபாய்டு வந்து, குடலில் ரத்தம் கசியும் அளவுக்குப் போனது. இன்னொரு முறை வந்தால் உடம்பு தாங்குவது கஷ்டம், தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். தேறி எழுந்த பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த நடை ஒன்றுதான். தண்ணீர் முழுக்க என் பொறுப்பு என்றால் வருகிறேன் என்றேன். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். பொறுப்பு என்றால் எனக்கு நோட்டு வேண்டும். இடதுபக்கம் குடித்தது: எந்த ஊற்று, என்ன நிறம், மாத்திரை போட்ட நேரம், குடித்த நேரம். வலதுபக்கம் சாப்பிட்டது.

மார்ச் மாதம். முகட்டில் புல் முழுவதும் காய்ந்து, காற்று வீசும்போது மலையே மெல்லப் புரண்டு படுப்பது போலிருக்கும். அந்த அரைமணி நேரங்களில் எனக்கு வேலை ஒன்றுதான். மாத்திரை போட்ட ஐந்தாவது நிமிடம் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்து, மூடியின் திருகுப்புரியில் ஒட்டியிருக்கும் சொட்டுகளையும் மருந்துத் தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். அதன்பின் பார்த்துக்கொண்டிருப்பதுதான். பாட்டிலுக்குள் எதிர்மலை தலைகீழாக நிற்கும். அதன் மேல் ஒரு பருந்து சுற்றும். நான் கண்ணிமைத்துத் திறப்பதற்குள் பருந்து போயிருக்கும், அல்லது கால்மணி நேரம் போயிருக்கும்.

"ஏனுங்க, இன்னும் பதினோரு நிமிசம் இருக்குதுங்க."

தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருப்பவர் அதற்குள்ளிருந்தே பேசுவார். "அதுக்குள்ள நான் ஆவியாப் போயிருவேன். அப்பறம் என்னையும் துணியில வடிகட்டி எடுத்துக்க."

"வடிகட்டினா துணியில கசடுதாங்க நிக்கும்."

"அதேதான் நானு. பத்திரமா எடுத்து வெச்சுக்க."

மூன்றாம் நாள் நடுப்பகலில், நான் நம்பியிருந்த பாறைத்தொட்டி வறண்டு கிடந்தது. அடியில் இலைகளும் ஒரு செருப்பும் மட்டும் இருந்தன. கையில் அரை பாட்டில்தான். முகட்டை விட்டுக் கீழே இறங்கினோம். வெயிலில் பாதை கண்ணுக்கு முன்னால் நெளிந்தது. நாங்கள் நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போவது போலிருந்த ஒரு குடிசை, திடீரென்று வாசலோடு எதிரே நின்றது. என் வயதுதான் இருக்கும் ஒரு பெண், எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த மராத்தியில் தண்ணீர் கேட்டேன். குடிசைக்குப் பின்னால் ஊற்று இருப்பதாகக் கைகாட்டினாள். மூன்று பாட்டிலையும் நிரப்பி, மாத்திரை போட்டு, நேரம் எழுதினேன்: ஒன்று பத்து.

"தண்ணிக்கு எதுக்கு மருந்து?" என்று மராத்தியில் கேட்டாள். "என் எருமையெல்லாம் அப்படியேதான் குடிக்குது."

"எருமைக்கு இருக்கற குடுப்பினை எனக்கில்ல," என்று இவர் தமிழில் முனகினார்.

உள்ளே சாணம் மெழுகிய தரை குளிர்ந்திருந்தது. புகையும் பாலும் கலந்த வாசனை. கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் வட்டம் ஒன்று, தரையில் மிக மெதுவாக நகர்ந்தது. அவள் சோள ரொட்டியும் பச்சைமிளகாய்த் துவையலும் வைத்தாள். ஒரு செம்பு நிறைய மோரும் வைத்தாள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்தார். எனக்கு இன்னொன்று. அதன்பின் இருவரும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். விழித்தபோது அந்த வட்டம் என் பாதத்தின் மேல் இருந்தது.

அன்று மாலை அடுத்த ஊர்க் கோயில் மண்டபத்தில் நோட்டைத் திறந்தேன். வலதுபக்கம் எழுதினேன்: ரொட்டி, துவையல், மோர் ஐந்து டம்ளர். பேனா அங்கேயே நின்றது. அந்தப் பெண் வாசலோரக் குடத்தில் செம்பை விட்டு மொண்டு, தயிரில் ஊற்றிக் கடைந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மோர் எங்களுக்குச் சாப்பாட்டின் கடைசிப் பகுதி. நாற்பத்தெட்டு வயதுவரை அதைத் தண்ணீர் என்று நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. ஐந்து டம்ளரில் நாலு டம்ளர் பச்சைத் தண்ணீர். அதில் பெரும்பங்கு அவருக்கு, என் கையால்.

"ஏனுங்க, அந்த மோருல தண்ணி ஊத்தியிருந்தாங்க."

ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியும். குடத்துல மொண்டப்பவே பாத்தேன்."

"பின்ன ஏனுங்க குடிச்சீங்க?"

"நீ மொதல்ல குடிச்ச. நீ பாக்காமயா குடிப்ப? பரவால்லீன்னு முடிவு பண்ணிட்டயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

நான் நோட்டை மூடி வைத்தேன். அவர் என் முதுகைத் தட்டி, "உள்ள போனது போயிருச்சு. நாளைக்கு நடக்கலாம், கண்ணு," என்றார். நான்காம் நாளும் நடந்தோம். அந்த நாளில் மூடுபனி இருந்தது, அவர் முதுகு முன்னால் தெரிந்துகொண்டே இருந்தது. வேறொன்றும் நினைவில் இல்லை.

காய்ச்சல் வருவதானால் மூன்று வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். ஊர் திரும்பியபின், விஷ்ராந்த்வாடி வீட்டில் தினமும் விடியும்போது, அவர் எழுவதற்கு முன், புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் சுட்டது. கையைக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு வந்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. பதினான்காம் நாள் அவர் இருமினார். அது வெறும் இருமல்.

ஒரு காலை கழுத்தில் கை வைத்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டார். "மூணு வாரம் நேத்தோட முடிஞ்சுதல்ல?"

"முடிஞ்சுதுங்க," என்றேன்.

ஜன்னலில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கழுத்து மிதமான சூட்டில், எப்போதும்போல் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.