சிரித்தபடி செத்த சிப்பாய்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில், ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய போனில் ஒரு விமர்சகர் பழைய போர்ப் படம் ஒன்றைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனையே திட்டிக்கொண்டு வந்தார்.

“குண்டடி பட்டவன் சிரிச்சிக்கினே சாவானான்னு கேக்குறான். இவனுக்கு இன்னா தெரியும்?”

“அவர் சொல்றது சரிதானேம்மா?” என்றேன்.

“எந்தம்பி மிலிட்டரில செத்துட்டான் சார். பொட்டியத் தொறக்க உடல. அந்தப் படத்தப் பாத்துதான், அவனும் சிரிச்சிக்கினே போயிருப்பான்னு மனசத் தேத்திக்கினேன்.”

போனை அணைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: “நெஜமாவே அப்டி சாவ மாட்டாங்களா?”

பள்ளிகொண்டா வந்ததும் அவர் இறங்கிவிட்டார். என் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டாரோ என்று இன்றும் மனம் உறுத்துகிறது.