சாந்தினியின் ஒருவேளைச் சாப்பாடு

எங்கள் ஊர்ப் பக்கம் பீடோங்கில் பஷீர் அண்ணன் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டதை என் அத்தை மகன் சுகுமாரன் குரல் பதிவாக அனுப்பியிருந்தான். விமானப்படையில் விமானியாகப் படிக்கும் பக்கத்து ஊர் புக்கிட் செலம்பாவ் பெண் வானத்திலேயே மயங்கிவிட்டாளாம். விமானம் வயலில் விழப் பார்த்ததாம். நான் வேலை பார்க்கும் பெர்த் நகரில் ரயிலுக்காக நின்றபடி அதை மூன்று முறை கேட்டேன். அந்தப் பெண் சாந்தினி, என் அக்கா அழகம்மாவின் ஒரே மகள்.

விமானம் விழப் பார்க்கவில்லை. மயங்கியது உண்மை.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டியவள். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் பயிற்சிக்குத் தேர்வானபோது பஷீர் அண்ணன் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

"தங்கச்சி, நம்ம கூரைக்கு மேல போனா ஒரு ஹார்ன் அடிச்சிட்டுப் போ லா," என்றாராம்.

"நீங்க கீழேருந்து ஒரு வடைய வீசுங்கண்ணே, புடிச்சிக்கிறேன்," என்றாளாம் இவள்.

விடுமுறைக்கு வந்தாலும் அவளுக்குப் பயிற்சிதான். சமையலறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவாள். கால்களுக்கு நடுவே தோசைக்கரண்டியை விமானத்தின் பிடி போல நிறுத்திப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை இயக்குவதிலிருந்து தரையிறங்குவது வரை ஒவ்வொரு படியாக வாய்விட்டுச் சொல்வாள். எல்லா மாணவர்களும் செய்வதுதான். இவள் விடாமல் செய்தாள். பயிற்சியாளர் கேப்டன் ஹாசிக், அவசரப்படாத கை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்.

அவள் முதன்முறையாகத் தனியாகப் பறக்கும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. அப்போதுதான் அக்கா நேர்ந்துகொண்டாள்: பறந்துவிட்டால், நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து தைப்பூசத்தில் சுங்கைப்பட்டாணி முருகன் கோயிலில் மகளே பால்குடம் எடுப்பாள். மூன்றாம் முறை பறந்துவிட்டாள். முருகனுக்குச் சொன்ன சொல்லைத் தள்ளிப்போட அக்காவுக்கு மனம் வரவில்லை. சாந்தினி விரதம் தொடங்கினாள்: இரவில் ஒருவேளை மட்டும், அதுவும் சைவம்.

பறப்பதற்கு முன் மாணவர்கள் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். தூங்கினாயா, மருந்து எடுத்தாயா, சாப்பிட்டாயா. சாந்தினி தினமும் சாப்பிட்டேன் என்றே குறித்தாள். தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது என்னை அழைத்தாள்.

"மாமா, தலை லேசா சுத்துது. டாக்டர்கிட்ட சொல்லிரவா? சொன்னா கீழ உக்கார வெச்சிருவாங்க. இப்பவே நான்தான் கடைசி."

வேலை அவசரத்தில் இருந்தேன். "ஆறு நாள்தானேம்மா, சமாளிச்சுக்கோ. யார்கிட்டயும் சொல்லாத," என்றேன்.

மறுநாள் காலை, விமானத்தைச் செங்குத்தாகச் சாய்த்துத் திருப்பும் பாடம். உடல் எடை பல மடங்காகி ரத்தம் கீழே இறங்கும் நேரம். வெறும் வயிறு தாங்கவில்லை. அவள் கை பிடியிலிருந்து நழுவியது. உடன் இருந்த ஹாசிக் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு இறக்கினார். மருத்துவ அறையில் உண்மை வெளியே வந்தது.

மயங்கியதை மன்னித்திருப்பார்கள் என்று அவளே சொன்னாள். விரதம் என்று முன்பே சொல்லியிருந்தால் சில நாள் பறக்க விடாமல் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஹாசிக் கோபப்படவில்லையாம். "பறக்கக் கத்துக்கொடுத்துடலாம். ஆனா சாப்பிட்டியான்னு கேட்டா நீ சொல்ற பதிலை இனிமே நான் எப்படி நம்புறது?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டாராம்.

பறக்கத் தடை இருந்ததால் தைப்பூசத்துக்கு விடுப்பு எளிதாகக் கிடைத்தது. பால்குடம் எடுத்தாள். சுகுமாரன் அனுப்பிய படத்தில் மஞ்சள் சேலையில் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ஒன்றுமில்லை.

அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று விசாரணைக் குழு இன்று மூன்று மணிக்குச் சொல்வதாக இருந்தது. இதுவரை பொய்க் கையெழுத்துக்குப் பிறகு யாரையும் வைத்துக்கொண்டதில்லை என்று அவளோடு படிப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நாலரைக்கு அக்காதான் அழைத்தாள். முடிவு என்னவென்று தெரியவில்லை, மகள் போனை எடுக்கவில்லையாம்.

"வெரதத்துல ஏதோ கொற வெச்சிட்டா போல தம்பி. அதான் மயக்கம். அடுத்த வருஷமும் எடுக்கச் சொல்றேன்னு வேண்டிக்கிட்டேன்."

விரதம்தான் காரணம் என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. சாந்தினி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டேன்.

சொல்லாதே என்றது நான்தான் எனக் குழுவுக்கு எழுதித் தருகிறேன் என்று சாந்தினியிடம் சொல்ல வேண்டும். கையெழுத்து அவளுடையது, என் கடிதத்தால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் அழைத்தேன். மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன். அடித்துக்கொண்டிருக்கிறது.