பேய் அவனை அழைக்கவில்லை

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பாட்டு டிவியில் வந்தாலே அம்மா நிறுத்திவிடுவாள். சீட்டாடியைப் பேய் பிடிக்கிற கதை. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். பிறகுதான் சீட்டும் கையுமாக அலைந்து, ஒரு நாள் வீட்டை விட்டே போய்விட்டார். "அந்தப் படத்துப் பேய்தான் அவரைக் கூட்டிக்கினு போய்டுச்சு" என்பாள் அம்மா. எட்டாவதோடு நின்று, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்குப் போன நானும் அதை நம்பினேன். எதையும் நம்பிப் பயப்படுவது எனக்குச் சுலபம்.

இப்போது தம்பி போனில் ரம்மி ஆடுகிறான். சோறு தட்டிலேயே காய்ந்துபோகிறது. அவனைச் சோளிங்கர் மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பேயை ஓட்ட வேண்டும், நானும் லீவு போட்டு வர வேண்டும் என்றாள் அம்மா.

அந்தச் சமயம் பார்த்து வேலூரில் அந்தப் படத்தைப் புதுப்பித்துப் போட்டார்கள்.

"போவாதடி, உன்னியும் புடிச்சிக்கும்."

போனேன். எழுந்து ஓட வசதியாகக் கதவோரம் உட்கார்ந்தேன்.

பாழடைந்த பங்களாவில் அவன் பேயோடு சீட்டாடுகிறான். ஒவ்வொரு ஆட்டம் ஜெயிக்கும்போதும் வீட்டில் இன்னும் ஒருவருடைய கண்ணுக்கு அவன் தெரியாமல் போகிறான். கடைசியில் அவன் நிற்பது தெரியாமலே சின்ன மகள் கதவைச் சாத்துகிறாள்.

அதற்கு முன்னால் ஒரு காட்சி. பழைய பிரதியில் இல்லாத ஒன்றைத் தேடிச் சேர்த்ததாக முதலிலேயே எழுத்துப் போட்டிருந்தார்கள். படம் முழுக்கப் பளிச்சென்று இருக்க, அந்த இடம் மட்டும் மங்கல். பேய் சீட்டைக் கவிழ்த்து வைத்து, போதும், வீட்டுக்குப் போ என்கிறது. அவன்தான் சீட்டுக்கட்டை எடுத்து மறுபடி கலைக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் காட்சியை அம்மாவிடம் சொன்னேன்.

"சினிமாக்காரன் இன்னா வேணா காட்டுவான். லீவு கேட்டியா?"

தம்பி போனைப் பார்த்தபடியே, "அக்காவுக்கு மலை ஏறணும்னா பேஜாரு" என்று சிரித்தான்.

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "சாமி கும்புட எப்ப வேணா வர்றேன். பேய் ஓட்ட வரமாட்டேன். அப்பாவ யாரும் கூட்டிக்கினு போவலம்மா. அவரே போனாரு. இவனும் இவனேதான் ஆடுறான்."

"பெத்த அப்பனை இப்டிப் பேச எப்டிடீ வாய் வந்துச்சு?" அம்மா அழுதாள்.

தம்பி சிரிப்பை நிறுத்தினான். "யாரைச் சொல்ற?"

"உன்னத்தான்டா. இங்க வேற யாரு கீறா?"

திங்கட்கிழமை அவர்கள் இருவரும் மலைக்குப் போனார்கள். நான் வேலைக்குப் போனேன். நாளெல்லாம் பயம்தான், மெஷினில் ஊசிகூட உடைந்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.