அண்ணியோடு மெர்சிங்குக்கு ஒரு வாடகைக் கார்

என் கணவரின் அக்கா மலேசியாவில் செனாய் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை நான் அவரைப் பார்த்தது இரண்டொரு முறைதான். அதுவும் காரைக்குடியில், யாருடைய விசேஷத்திலோ, கூட்டத்துக்கு நடுவே. அண்ணி என்று கூப்பிடுவேன். தீபாவளிக்குத் தீபாவளி போனில் "நல்லாருக்கீங்களா அண்ணி?", "நல்லாருக்கேம்மா" என்பதோடு சரி.

இங்கே கூலாயில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. தம்பி தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டான் என்று கோபம் என்றார்கள். வேலைக்காக ஜோகூர் வந்த தம்பி ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டதுதான் கோபம் என்று நான் என் மனத்துக்குள் அதைத் திருத்தி வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவர் திடீரென்று போன் செய்து, "நான் அங்க வரலாமா? கோயிலும் கடையும் வேண்டாம். கடல் இருக்கிற ஊரா ஒண்ணு காட்டு, போதும்" என்றார்.

எங்கள் வீட்டுக் காரில் கணவர் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டார். ஸ்கூடாய் வீட்டிலிருந்து டாக்ஸி பிடித்துச் செனாய்க்குப் போய், அங்கேயே வாடகைக் கார் எடுத்து, அண்ணியை நேரே மெர்சிங்குக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனாலும் அந்தக் கிழக்குக் கரைப் பக்கம் நான் போனதே இல்லை. அது அண்ணிக்குத் தெரியாது.

கோலாலம்பூரில் விமானம் மாறி வந்த அண்ணி வெளிறிப் போயிருந்தார். கையில் ஒரு பெரிய பை, உள்ளே சீப்புச் சீடையும் அதிரசமுமாகத் தகர டின்கள். வாடகைக் கார் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"மெர்சிங்கா அக்கா? எண்ணெய ஃபுல்லா அடிச்சுக்கோங்க லா. கோத்தா திங்கி தாண்டிட்டா ரொம்ப தூரம் பெட்ரோல் ஸ்டேஷன் கெடையாது. யானை வேற வரும், மெதுவா போங்க."

"யானையா?" என்றார் அண்ணி. முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. "என்ன யானை? யாரு வளக்கிறது?"

"யாரும் வளக்கல அக்கா, காட்டு யானை" என்று சிரித்தபடி அந்தப் பெண் சாவியைக் கொடுத்தார்.

சின்ன வெள்ளைக் கார். சிக்னல் போடப்போனால் வைப்பர் ஆடியது. விமான நிலைய வளாகத்தைத் தாண்டுவதற்குள் 'பீப், பீப்' என்று ஒரு சத்தம். கதவைப் பார்த்தேன், ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன், பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சத்தம் நிற்கவில்லை. அண்ணி டாஷ்போர்டில் மின்னிய படத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

"நிறுத்தும்மா கொஞ்சம்."

ஓரமாக நிறுத்தியதும் இறங்கிப் போய், பின்சீட்டில் இருந்த பலகாரப் பைக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டார். சத்தம் அடங்கியது.

"ஆள் உக்காந்திருக்குன்னு நெனச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அண்ணி கேள்வி கேட்பதை நிறுத்தவே இல்லை. இது என்ன மரம்? செம்பனை, பாமாயில் எடுப்பது. காய் எங்கே? அதோ, மட்டைக்கு நடுவில். அந்த லாரியில் போவது? அந்தக் குலைதான். அதைத் தின்னலாமா? தெரியவில்லை. அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ஆற்றின் பெயர். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? தெரியவில்லை அண்ணி. 'தெரியவில்லை' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இத்தனை வருடம் இங்கே இருந்துகொண்டு என்னதான் பார்த்தோம் என்று நானும் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

கோத்தா திங்கி தாண்டிச் செம்பனை வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணி சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க எஸ்டேட்டு இந்தப் பக்கமா?"

"இல்லண்ணி, லாயாங் லாயாங். ரயில் போற பக்கம்."

"இப்ப யாரு பாத்துக்கிறா? உங்க அண்ணனா?"

எனக்குப் புரியவில்லை. "எத அண்ணி?"

"எஸ்டேட்டத்தான்."

காரை மெதுவாக்கினேன். "அண்ணி, எஸ்டேட் எங்களுது இல்ல. எங்கப்பா அங்க வேலை செஞ்சாரு. பால் மரம் சீவுனாரு. அம்மாவுந்தான்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிறகு, "எங்கப்பா உங்க கல்யாணத்துக்கு வந்தப்ப உங்கப்பா வேன்ல கூட்டிட்டுப் போயிக் காட்டினாராமே. 'இதான் எங்க தோட்டம்'னு சொன்னாராமே. கண்ணுக்கெட்டின தூரம் மரந்தான்னு அப்பா ஊரு பூரா சொல்லிட்டாரு" என்றார்.

என் அப்பா சொன்னது பொய்யில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். எங்க தோட்டம், எங்க லயத்து வீடு, எங்க கோயில். இருபது வருடங்களாகக் காரைக்குடியில் நான் பெரிய எஸ்டேட் முதலாளியின் மகள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எனக்கு விக்கல் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அண்ணி சிரிக்கவில்லை.

"ஒனக்குப் போன் பண்ணவே எனக்குக் கூச்சமா இருக்கும்மா. பெரிய எடத்துப் பொண்ணு, என்னத்தப் பேசுறதுன்னு."

அந்த நேரத்தில்தான் முன்னால் போன லாரி நின்றது. இருபுறமும் காடு. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்கள் ஜன்னல் அருகே நிறுத்தி, "காஜா, காக். ஜாங்ஙான் ஹோன்" என்று தணிந்த குரலில் மலாயில் சொன்னார்.

"யானையாம். ஹாரன் அடிக்காதீங்கன்னு சொல்றாரு" என்றேன்.

"காஜான்னா யானையா? கஜமா?" என்றார் அண்ணி, கண்கள் விரிய. அந்தச் சொல்லை நான் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை.

லாரிக்கு அப்பால், சாலையோரப் புல்லில் ஒரு பெரிய யானையும் அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டியும் நின்றன. பெரியது புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறித் தின்றது. அவசரமே இல்லை.

"மணி கட்டாத யானைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று அண்ணி கிசுகிசுத்தார்.

ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். எனக்கு என்ன தைரியம் வந்ததோ, நானும் தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டேன்.

"நீங்க ஏன் அண்ணி எங்க கல்யாணத்துக்கு வரல? கோவமா?"

அவர் யானையிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. "கோவமெல்லாம் இல்ல. பிளேனுன்னா எனக்குப் பயம்."

"பயமா?"

"டிக்கெட்டுகூட எடுத்தாச்சு. பயமாயிருக்குன்னு சொன்னா எங்க வீட்டுல சிரிச்சே கொன்னுருவாங்க. கோவம்னு சொன்னேன், எல்லாரும் மரியாதையா ஒதுங்கிட்டாங்க."

"இப்ப எப்படி வந்தீங்க?"

"இப்பவும் பயந்தான். ரெண்டு பிளேன்லயும் கண்ணத் தொறக்கவே இல்ல. பக்கத்துல இருந்த பையன் டாக்டரக் கூப்புடவான்னு கேட்டான். அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இன்னும் எத்தன வருஷம் பயந்துக்கிட்டே இருக்கிறது, சொல்லு."

இருபது வருடமாக நான் சுமந்திருந்த ஒன்று அந்தக் காருக்குள் அப்படியே காற்றுப் போய்ச் சுருங்கிவிட்டது. வருத்தமா, வெட்கமா, நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. யானை குட்டியை முன்னால் விட்டுக் காட்டுக்குள் இறங்கியது. கிளைகள் முறியும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது. லாரி நகர்ந்தது.

மெர்சிங்கைக் கடந்து ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போனோம். கடல் வற்றி வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. ஈர மணல் முழுக்கக் கடுகை விடக் கொஞ்சம் பெரிய மணல் உருண்டைகள், ஒவ்வொரு சின்னத் துளையைச் சுற்றியும் கதிர் கதிராக. அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

இதற்கும் எனக்குப் பதில் தெரியாது. "பாக்கலாம் அண்ணி" என்று இருவரும் மணலில் குந்தி உட்கார்ந்தோம். நாங்கள் அசையாமல் இருந்ததும், துளையிலிருந்து ஒரு பொடி நண்டு எட்டிப் பார்த்து வெளியே வந்தது. மணலை வாயில் அள்ளி, எதையோ சப்பிவிட்டு, உருண்டையாக்கிக் காலால் பின்னால் தள்ளியது. இன்னொன்று. மற்றொன்று. அண்ணியின் நிழல் சற்று அசைந்ததும் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்தன.

அவர் மறுபடியும் காத்திருந்தார். முட்டி வலிக்கிறது என்று நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை.

சாயங்காலம் மெர்சிங்குக்குத் திரும்பி, படகுத்துறைக்குப் பக்கத்துக் கடையில் பொரித்த மீனும் சோறும் சாப்பிடும்போது கணவர் போன் செய்தார். அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏன்டா, இவ வீட்டுக்கு எஸ்டேட்டு இல்லயாமே?"

ஸ்பீக்கரில் கணவரின் குரல் மெல்ல வந்தது. "நான் இருக்குன்னு எப்பக்கா சொன்னேன்?"

"இல்லன்னும் சொல்லலயே!"

"அப்பா அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டிருந்தாரு. எப்படிக்கா மறுக்கிறது?"

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் உதட்டோரம் துடித்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பக்கத்து மேசையில் இருந்த சீனத் தம்பதியர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் நீர் வர, போனை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

தட்டைத் தள்ளி வைத்த பிறகு, கடலில் மங்கலாகத் தெரிந்த தீவுகளைக் காட்டி, "அங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணி."

"படகு போகுமா?"

கடைக்காரரிடம் விசாரித்தேன். காலையில் தண்ணீர் ஏறியதும் ஒரு படகு இருக்கிறது என்றார். வாடகைக் கார்ப் பெண்ணுக்குப் போன் செய்து, கார் இன்னும் ஒரு நாள் எங்களிடமே இருக்கட்டும் என்று சொன்னேன்.