உப்புப் பார்க்காத சமையற்காரன்

பாலைவனத்தில் வேலை என்றால் ஊரில் இருப்பவர்கள் ஒட்டகத்தையும் எண்ணெய்க் கிணற்றையும் நினைத்துக்கொள்வார்கள். கீம்லாலுக்குப் பாலைவனம் என்பது வெங்காயம். விடிவதற்கு முன்னால் ஒரு மூட்டை, மத்தியானத்துக்கு ஒரு மூட்டை. ஓமானின் உள்நாட்டில், சுற்றிலும் மணலைத் தவிர ஒரு மண்ணும் இல்லாத இடத்தில், ரோடு போடும் கம்பெனியின் கேம்ப். அங்கே எழுபது பேருக்கு அவன் ஒருவன்தான் சமையல். கூட இருந்த வங்காளி லீவில் போனவன் போனவன்தான்.

காலையில் ரொட்டியும் பருப்பும் டப்பாவில் அடைத்து எல்லோரையும் பஸ் ஏற்றிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். கோடையில் உச்சிவெயிலில் வேலை கிடையாது என்பதால் மத்தியானம் திரும்பி வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சோறு, கோழிக் குழம்பு. ராத்திரிக்கு மறுபடி சோறு, பருப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் மச்பூஸ் என்கிற அரபுக் கறிச்சோறு, காய்ந்த எலுமிச்சை போட்டு. நேபாளத்தில் சியாங்ஜா மலையில் பிறந்த பிராமணப் பிள்ளை, ஆட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன், ஓமானிகளே இன்னொரு தட்டு கேட்கிற அளவுக்கு அதைக் கற்றுக்கொண்டான். வயிறு கற்றுக்கொடுக்காத வித்தையா!

அந்த வைகாசியில் ஒரு நாள், மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தம்பி தேவிராம் போன் செய்தான்.

“அண்ணே, அம்மா போயிட்டா. நேத்தே போயிட்டா. ஆத்தங்கரைக்குக் கொண்டுபோயி எல்லாம் முடிச்சிட்டேன்.”

“நேத்தேயா? இன்னைக்குச் சொல்றியேடா பாவி!”

“நேத்துச் சொல்லியிருந்தா பறந்து வந்திருப்பியா? உனக்கு ஏர்போர்ட் வந்து சேரவே ஒரு நாளாகும். நான் கர்மத்துல உட்கார்ந்திருக்கேன் அண்ணே, மச்சான்தான் போனைப் பிடிச்சுக்கிட்டிருக்கார். ரொம்பப் பேசக் கூடாது. நீ உப்பை மட்டும் விட்டுடு. அது போதும்.”

அது போதுமாம். மூத்த பிள்ளை அவன். கொள்ளி வைக்க வேண்டியவன். எல்லாவற்றையும் இளையவன் செய்து முடித்துவிட்டான்; அம்மாவுக்காக இவன் செய்ய மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். பதின்மூன்று நாள் நாக்கில் உப்புப் படக் கூடாது.

அதில்தான் சிக்கல். அவர்கள் பக்கத்து வழக்கப்படி, கர்மத்தில் இருக்கிற மகன் மொட்டையடித்து, வெள்ளை உடுத்தி, யாரையும் தொடாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். தன் கையாலேயே ஒரு வேளை பொங்கி உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். அவன் கை பட்ட சோறு மற்றவர்களுக்கு ஆகாது. கேம்ப்பில் பாதிப் பேர் நேபாளிகள். விஷயத்தைச் சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார்கள். அப்புறம் கேம்ப் பாஸ் என்ன, இவனை ரூமில் உட்காரவைத்துத் துக்கம் கொண்டாடவா விடுவார்? அடுப்பை வேறு எவனிடமாவது கொடுத்துவிட்டு இவனைத் தார் ஊற்றுகிற கோஷ்டியில் தள்ளிவிடுவார். கீம்லால் வாயை மூடிக்கொண்டான். பாவம் என்று தெரிந்தே மூடிக்கொண்டான்.

மொட்டையடித்ததை யாரும் கேட்கவில்லை. அந்த வெயிலுக்குப் பாதிக் கேம்ப் மொட்டை. தோல் செருப்புப் போடக் கூடாது. சமையலறையில் எப்போதும் ரப்பர் செருப்புதான். வெள்ளை உடுத்த வேண்டும். சமையற்காரனுக்குக் கம்பெனியே வெள்ளைதான் கொடுத்திருந்தது. அத்தனை பேர் நடுவில் முழு துக்கக் கோலத்தில் நின்றான், ஒருவனுக்கும் தெரியவில்லை.

நாக்கைக் காப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்ப்பது அவனுக்குக் கண் இமைப்பது மாதிரி. ஒருதரம் கை வாய்வரை போய்விட்டது. பதறிப்போய்க் குழாயடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். தனக்கென்று தனிச் சட்டி வைத்தால் எவனாவது கேட்பான் என்று பேரீச்சம்பழம், வாழைப்பழம், பால் விடாத கட்டஞ்சாயா, இவற்றிலேயே நாளை ஓட்டினான்.

உப்புப் பார்க்காமல் வைத்த குழம்பு என்னாகும்? ஒரு நாள் கரிக்கும், ஒரு நாள் சப்பென்று கிடக்கும். கொத்து மேஸ்திரி தானேஷ்வர், அவரும் நேபாளி, பாக்லுங் பக்கத்துக்காரர், அவனுக்கு மூத்தவர், வாயாடி. அவர் சும்மா இருப்பாரா?

“என்ன கீமே, எவளாவது கிடைச்சுட்டாளா? உப்பை ரெண்டு வாட்டி போட்டிருக்கே!”

மறுநாள், “இன்னைக்கு உப்பு லீவுல போயிடுச்சாப்பா? வங்காளி கூடவே போயிடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். கீம்லாலும் சிரித்தான். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான். அங்கே கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை.

காலையில் பஸ் போனபிறகு தண்ணீர் லாரி வரும். டிரைவர் சலீம் பக்கத்து ஊர் ஓமானி. தொட்டியில் குழாயைச் சொருகிவிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த காப்பியையும் பேரீச்சம்பழத்தையும் நிழலில் பரப்பிக்கொண்டு கூப்பிடுவான். கீம்லாலுக்குப் பாதி அரபி, சலீமுக்குப் பாதி இந்தி; இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு பேச்சாகிவிடும்.

ஆறாம் நாள் சலீம் கேட்டான். அவனுக்குக் கீம்லால் எப்போதும் ‘சதீக்’தான், சிநேகிதன். “சதீக், பழமா தின்னுட்டிருக்கே. உன் சோறு எங்கே? முகமும் செத்துக் கிடக்கு.”

“ஒண்ணுமில்ல. வெயிலு.”

“வெயிலு எனக்கும்தான் அடிக்குது. சொல்லுய்யா.”

இந்த ஆளுக்குச் சொன்னால் தீட்டில்லை, தான் ஆக்கியதை இவன் சாப்பிடுகிறவனும் இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டான். “அம்மா போயிட்டாங்க சலீம்.”

சலீம் காப்பிக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தான். எழுந்து அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு, தங்கள் ஊர் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்தான். “அல்லா அவங்களுக்கு இரக்கம் காட்டட்டும். அது சரி, நீ ஏன் அடுப்புகிட்ட நிக்கிறே? உன் ஆளுங்களுக்கெல்லாம் என்ன கேடு?”

“யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாதே.”

யாராவது தொட்டால் உடனே குளிக்க வேண்டும். கீம்லால் குளிக்கவில்லை. அன்று மத்தியானம்வரை தள்ளிப்போட்டான். அம்மா போனபிறகு அவனைத் தொட்ட முதல் ஆள் சலீம்.

ரகசியம் காக்க வேண்டும் என்பது சலீமுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவன் அம்மாவுக்குப் புரியவில்லை. அவர்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுபோக வேண்டும். மகன் போய்ச் சொன்னதும் கிழவி கொதித்துப்போனாளாம். மறுநாள் ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கறிச்சோறு குவித்த பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு சலீம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தான்.

“இவன் அம்மா செத்துப்போச்சு! செத்த வீட்டுக்காரனையா ஆக்கிப் போடச் சொல்லித் திங்கிறீங்க? உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா?”

தானேஷ்வரின் கை பருப்பிலேயே நின்றது. அவர் கீம்லாலின் மொட்டையைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார், ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

“எப்போ?”

“ஏழு நாளாச்சு அண்ணே.”

ஒருவன் தட்டைத் தள்ளிவிட்டு வாய் கொப்பளிக்க வெளியே ஓடினான். கீம்லால் தலையைக் குனிந்துகொண்டான். சலீம் இது எதையும் கவனிக்கவில்லை. கறியும் சோறும் சேர்த்து ஒரு கவளம் உருட்டி அவன் வாய்க்கு நேரே நீட்டினான். “சாப்பிடு சதீக். எங்கம்மா அழுதுகிட்டே ஆக்கினது.”

ஏழு நாள் பட்டினியில் அந்த வாசனைக்கு வாயெல்லாம் ஊறியது. வேண்டாம் என்றால் ஒரு தாயின் சோற்றைத் தள்ளின பாவம். வாங்கினால் தன் தாய்க்கென்று இருந்த ஒன்றும் போய்விடும். கீம்லால் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“உப்பு... உப்பு ஆகாது சலீம்.”

“எங்கம்மா சோறு ஆகாதா?” சலீமின் முகம் சுருங்கிவிட்டது.

தானேஷ்வர் எழுந்து வந்தார். “இங்கே கொடுய்யா. அவன் பங்கை நான் திங்கிறேன்.” சலீம் கையிலிருந்த கவளத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். “எங்க ஊர்ல அம்மா செத்தா மகன் உப்பைத் தொடமாட்டான். அடுத்தவன் கையால திங்கவும் மாட்டான். தானே ஆக்கித்தான் திங்கணும்.”

“எங்க ஊர்ல அவன் அடுப்புப் பக்கமே போகக் கூடாது.”

“ரெண்டும் நல்ல ஊருதான்,” என்று மென்றபடியே சொன்னார். “ஏழு நாளைக்கு அப்புறம் உப்பு சரியா இருக்கு.” யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“அண்ணே, மன்னிச்சிடுங்க, உங்க எல்லாருக்கும் தீட்டு...”

“வாயை மூடுடா! அம்மா செத்ததைச் சொல்லி அழ ஆளில்லாத அநாதையா நீ? நாங்க என்ன கல்லா?” அடிக்கக் கையை ஓங்கினார். தொடக் கூடாதே என்று இறக்கிக்கொண்டார். “கரண்டியை வச்சுட்டு வெளிய போ. இனிமே அடுப்பு என்னுது. பாஸ்கிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்.”

மறுநாள் சலீம் ஒரு பை கொண்டுவந்தான். புதுச் சட்டி, அரிசி, கொஞ்சம் நெய். இந்தத் தடவை கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி மணலில் வைத்துவிட்டு நின்றான். “அம்மா குடுத்துச்சு. ஆக்கல, உப்பு போடல. நீயே ஆக்கிக்குவியாம்.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தான். வழியில் போன நேபாளிகள் முறைப்படி விலகி, தலை குனிந்து போனார்கள்.

சமையலறையிலிருந்து தானேஷ்வர் கத்தினார். “கீமே! பருப்புக்கு எத்தனை பிடிடா உப்பு?”

“மூணு! வாயில வச்சுப் பாருங்க அண்ணே!”

பையைப் பிரித்து அரிசியில் கையை விட்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுபது பேருக்கு எத்தனை மூட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. ஒரு பிடி போட்டான். குறைவாகத் தெரிந்தது. இன்னொரு பிடி போட்டான்.

வெந்ததும் பார்த்தால் இரண்டு ஆளுக்கு வந்திருந்தது. தட்டில் கொட்டி, கையால் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தான். அம்மா பங்கின்மேல் நெய்யெல்லாம் ஊற்றினான். அது ஆறும்வரை காத்திருந்தான். அப்புறம் தன் பங்கை எடுத்துச் சாப்பிட்டான்.